அத்தை சொன்ன மருத்துவப் படிப்பும் மகள் கேட்ட கேள்வியும்

போன வாரம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தது. மகள் தொடக்கக் கல்லூரி முடித்தவள். வேதியியலில் நல்ல மதிப்பெண், ஆனால் இங்கே மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. "ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்குப் போய்விடுகிறோம், பிள்ளை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கட்டும்" என்றார் அப்பா. யோசனை அவருடைய அக்காவுடையதாம்.

"பதறாதீங்க அண்ணே" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். வீட்டை விற்கும் பேச்சு வந்ததும் என் குரல் மாறிவிட்டது. விற்காதீர்கள். மத்திய சேமநிதி (சிபிஎஃப்) கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்குத்தான். வெளிநாட்டுக்கு ஒரு வெள்ளி எடுக்க முடியாது. அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கல்லூரியின் பட்டத்தை வைத்து இங்கே டாக்டராகப் பதியவும் முடியாது. அதைவிட, முக்கால் மணி நேரத்தில் உங்கள் மகள் 'டாக்டர்' என்ற சொல்லை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

அவள் எடுத்தது வேறு. ஹைட்ரஜனேற்றம், அதாவது ஒரு பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினை, பாடம் நடந்தபோது, "வினையூக்கி உலோகத்தை ஏன் இன்னொரு பொருள்மேல் ஏற்றுகிறார்கள்?" என்று கேட்டாளாம். பாடத்திட்டத்தில் இல்லை என்று பதில் வந்ததாம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது. ஒரே மாவுதான், இரும்புக் கல்லில் ஒரு தோசை, நான்ஸ்டிக்கில் வேறு தோசை. வினையை வேகப்படுத்தும் பல்லேடியம் என்ற உலோகமும் அப்படித்தான், எதன்மேல் ஏற்றுகிறோமோ அதற்கேற்ப வேலை மாறும். ஒரு கிராம் செயலூட்டிய கரிக்குள் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. அதில் பல்லேடியத்தைத் துகள்துகளாகப் பரப்பினால் வினை பறக்கும். அதையே கால்சியம் கார்பனேட்டில் ஏற்றி, ஈயம் சேர்த்து அதன் வேகத்தை அடக்கினால், கார்பன் அணுக்களுக்கு இடையிலான முப்பிணைப்பு இரட்டைப் பிணைப்பானதும் வினை நின்றுகொள்ளும். 1952-ல் லிண்ட்லர் என்ற வேதியியலாளர் காட்டிய வழி அது.

பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீன் வாயுவைத் தயாரிக்கும் ஆலையின் கதை இன்னும் சுவை. எத்திலீனோடு வரும் கொஞ்சம் அசெட்டிலீன், அடுத்து பிளாஸ்டிக் செய்யும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். அதை நீக்க ஜவ்வரிசி போன்ற அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மணிகள். பல்லேடியம் வெளித்தோலில் மட்டும். உள்ளே வரை ஊறவிட்டால், துளைக்குள் மாட்டிய எத்திலீனும் ஹைட்ரஜனை வாங்கி ஈத்தேனாகிவிடும், விற்கவேண்டிய சரக்கே போச்சு. அலுமினாவில் அமிலத்தன்மை கூடினால் 'பச்சை எண்ணெய்' என்ற பிசுக்கு வேறு சேரும். உலோகத்தை ஏற்ற எந்தத் தாங்கி, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். ஜூரோங் தீவில் ஆலைகளும் இருக்கின்றன, அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

வேதிப் பொறியியலோ வேதியியலோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் உண்டு. சேமநிதியும் செல்லும், மகள் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். உபகாரச் சம்பளம் கிடைத்தால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொகுசான வேலை என்று சொல்லமாட்டேன். வடிகட்டிய பல்லேடியக் கரியைக் காயவிட்டால் காற்றுப் பட்டே தீப்பிடிக்கும். இதைச் சொன்னபோது அப்பா முகம் சுளித்தார், மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவளே நிரப்பட்டும். அக்காவுக்குப் பதில் சொல்வது சங்கடமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்.