உங்க வீட்டுச் சுவத்துல இருக்கிற பழைய போட்டோக்கள்ல உங்களால மறக்கவே முடியாதது எது? ஏன்?

எங்க ஆச்சி படம்தான். அப்பாவைப் பெத்த ஆச்சி. ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கு, வீட்டுக்கு வர்றவங்க பாதிப் பேரு "என்ன ஒரு பார்வை, நம்மளையே பாக்குற மாதிரில்ல இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் உக்காருவாங்க. ஆனா அந்தக் கண்ணு ஆச்சியோடது கிடையாது. அது எப்படின்னு சொல்லணும்னா அப்பாவோட ஸ்டூடியோல இருந்து வரணும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

அப்பா கோவில்பட்டில 1971ல இருந்து 2009 வரைக்கும் ஸ்டூடியோ வச்சிருந்தாரு. சின்ன ரூமு, சுவத்துல பெயின்ட் அடிச்ச ஸ்கிரீனு, அதுல மாளிகைப் படிக்கட்டு, தூரத்துல ஒரு ஏரி, ஏரிக்கு மேல நிலா. ஓரமா ஒரு கண்ணாடி, பவுடர் டப்பா, சீப்பு, ஆணியில ஒரு கோட்டு, அப்பறம் ஓடாத ரிஸ்ட் வாட்ச் ஒன்னு. ஊர்ல பாதி மாப்பிள்ளைங்க கையில அந்த வாட்ச்தான் இருக்கும், யார் கல்யாண ஆல்பத்தைப் பொரட்டினாலும் மணி நாலு இருபது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற அக்காங்க தீபாவளி போனஸ் வாங்கின கையோட நாலஞ்சு பேராச் சேந்து வருவாங்க, முகத்துக்கு அவ்ளோ பவுடர் போட்டுட்டு விரல்ல இருக்கிற கறை தெரியக்கூடாதுன்னு கைய முந்தானைக்குள்ள வச்சுக்குவாங்க. அப்பா ஒன்னும் சொல்லமாட்டாரு, அப்படியே எடுத்துக் குடுப்பாரு.

இன்னொன்னு சொல்லணும். மூணு பேராச் சேந்து போட்டோ எடுத்தா ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டுல்ல, அப்பா அம்மா ஒரு பிள்ளைன்னு வந்து ஸ்கிரீன் முன்னாடி நின்னப்பறம்தான் அவங்களுக்கு அது ஞாபகம் வரும். ஒடனே பின்னாடி வீட்டுப்பாடம் எழுதிட்டு இருக்கிற என்னைக் கூப்பிடுவாரு. நான் போய் ஓரமா நிப்பேன், நாலு பேர் ஆயிரும். இப்படி எத்தனை குடும்பத்துல நான் நின்னிருக்கேன்னு கணக்கே இல்ல. எட்டயபுரத்துலயோ கழுகுமலையிலயோ யாரோ ஒருத்தங்க இன்னைக்கும் "இந்தப் பச்சைப் பாவாடை யாருடி"ன்னு கேட்டுட்டு இருப்பாங்க.

ஆச்சி கதைக்கு வர்றேன். ஆச்சி போட்டோவுக்கு நிக்கவே மாட்டாங்களாம். படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு அந்தக் காலத்து ஆளுங்க நெனச்சதுதான். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு அவங்கதான் கொண்டு வருவாங்க, தூக்குச்சட்டிய வாசப்படியில வச்சிட்டு வெளியவே நின்னுக்குவாங்களாம், உள்ள வந்தா இவன் தெரியாம எடுத்துருவான்னு பயம். ஊர் மூஞ்சியெல்லாம் எடுத்த மனுசனுக்கு பெத்தவ மூஞ்சி மட்டும் சிக்கல.

1978 ஐப்பசில ஆச்சி தவறிட்டாங்க. எனக்கு அப்ப ரெண்டு வயசு, எல்லாம் சித்தப்பா சொல்லிக் கேட்டதுதான். நாற்காலியில உக்கார வச்சு, நாடிக்கட்டு கட்டி, நெத்தியில ஒரு ரூவா காசு, கழுத்துல மாலை, சுத்தி பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. வேற ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் நான் எடுத்துத் தர்றேன்னு வந்திருக்காரு, அப்பா வேண்டாம்னுட்டு தன்னோட யாஷிகாவ எடுத்துட்டு வந்துட்டாரு. அது வயித்துக்கு மேல புடிச்சுக்கிட்டு தலையக் குனிஞ்சு மேல இருந்து பாக்குற கேமரா. குனிஞ்சவரு நிமிரல. ஃபோகஸ் பண்றானா அழுறானான்னு யாருக்கும் தெரியல, கடைசில ஒரு பெருசு "போதும்யா, தூக்கணும், நேரமாச்சு"ன்னு சொன்னதுக்கப்பறம்தான் பட்டன அமுக்குனாராம்.

அந்த ரோல்ல பன்னெண்டு படம் வரும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பேக்டரில 1967ல இருந்து தயாரிச்ச "இந்து" ரோலு, அப்ப ஸ்டூடியோக்காரங்க கைல அது இல்லன்னா கிழக்கு ஜெர்மனி ஆர்வோ. ஆச்சிக்கு முந்தின பிரேம்ல ஒரு புதுக் கல்யாண ஜோடி. அவங்களுக்கு துட்டி வீடுன்னு தெரியாது, நாலாம் நாளு வந்து படம் ரெடியான்னு கேட்டுருக்காங்க, அப்பா டார்க் ரூமுக்குள்ள போனாரு, ரெண்டையும் ஒன்னாத்தான கழுவ முடியும். அந்த நெகட்டிவ்வை அவரு வெட்டவே இல்ல, என்கிட்ட இருக்கு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா மாலையோட அந்தப் பொண்ணு, பக்கத்துலயே மாலையோட ஆச்சி, நெகட்டிவ்ல கருப்பு வெள்ளையாவும் வெள்ளை கருப்பாவும் தெரியும்ல, அதனால கல்யாணப் பொண்ணு தல நரைச்சும் ஆச்சி தல கருகருன்னும் இருக்கும்.

பதினாறாம் நாளு விசேஷத்துக்குள்ள படம் வேணும். மூடின கண்ணோட எப்படி மாட்ட முடியும்? எங்க அப்பா இதுக்கு "கண்ணு தொறக்கிறது"ன்னு சொல்வாரு, சிலைக்கு ஸ்தபதி கடைசியாக் கண்ணு தொறப்பாருல்ல, அதே மாதிரி. சாதாரண டச்சிங் வேற, அது நெகட்டிவ் மேலயே ஊசி மாதிரி சீவின பென்சிலால பரு, தழும்பு, சுருக்கத்தையெல்லாம் நெரவி விடுறது. கண்ணு தொறக்கிறது பெரிய வேலை. முதல்ல முகத்தை மட்டும் பெருசா பிரிண்ட் போடணும். சுத்தி இருக்கிற ஆளுங்க, நாற்காலி எல்லாத்தையும் பெயின்ட் வச்சு மறைக்கணும், நாடிக்கட்டு இருந்த எடத்துல கன்னத்தையும் காதையும் வரையணும், காசு இருந்த எடத்துல திருநீறு. அப்பறம் மூடின இமை மேல கண்ணு. எல்லாம் காஞ்சதும் அந்தப் பிரிண்டையே திரும்பப் போட்டோ எடுத்து புது நெகட்டிவ் பண்ணணும், அதுல இருந்துதான் மாலை போடுற படம் வரும்.

கண்ணை சும்மா கற்பனையில வரைஞ்சா பொம்மைக் கண்ணு மாதிரி ஆயிரும். அதனால துட்டி வீட்டுக்காரங்க யார் வந்தாலும் அப்பா ஒரு கேள்வி கேப்பாரு, "பிள்ளைகள்ல கண்ணு யாருக்கு அவுக மாதிரி?" அந்தப் பிள்ளைய வரச் சொல்லி கண்ணை மட்டும் கிட்டத்துல ஒரு படம் எடுத்து பக்கத்துல வச்சுக்கிட்டு வரைவாரு. தன் அம்மாவுக்குன்னு வந்தப்ப கேக்க யாரும் தேவைப்படல, அத்தைக்குத்தான் ஆச்சி கண்ணுன்னு அவருக்கே தெரியும். பத்தாம் நாளு ராத்திரி அத்தைய ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு, அழாம இருட்டின்னு சொல்லிச் சொல்லி மூணு தடவ எடுத்தாராம். கருவிழிய முடிச்சப்பறம் கடைசியா மேல் ஓரத்துல வெள்ளையில ஒரு புள்ளி, கடுகுல பாதி கூட இருக்காது, அத வச்சாத்தான் படம் நம்மளப் பாக்கும். மத்தவங்க படத்துக்கு அப்பா அத வைக்கிறத நானே எத்தனையோ தடவ பாத்திருக்கேன், மூச்ச அடக்கிட்டுத்தான் வைப்பாரு.

பின்னாடி இந்த வேலை கொறஞ்சு போச்சு. தேர்தல் கமிஷனரா இருந்த சேஷன் 1993ல வாக்காளர் அட்டைக்கு போட்டோ வேணும்னு உத்தரவு போட்டாருல்ல, சுத்துப்பட்டு கிராமத்துல எத்தனையோ கிழவிங்களுக்கு வாழ்க்கையிலயே மொத போட்டோ அதுதான். செத்தப்பறம் பிள்ளைங்க அந்த அட்டையத்தான் கொண்டு வந்து நீட்டுவாங்க, பெருசாக்கிக் குடுங்கன்னு. வெயில்ல வரிசையில நின்னு கடுப்போட பாக்குற மூஞ்சி, அதுக்குக் கண்ணு தொறக்க வேண்டியது இல்ல, கொஞ்சம் சிரிக்க வச்சாப் போதும்னு அப்பா சொல்வாரு. இப்ப எல்லாம் மொபைல்ல இருந்து எடுத்து, பின்னாடி ஒரு அருவியப் போட்டு, அன்னைக்கு சாயங்காலமே பிளக்ஸ் அடிச்சுருறாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, வேகமாக் கெடைக்குது, நல்லதுதான். அருவி மட்டும் வேண்டாம்.

கடைய மூடுறப்ப மூட்ட மூட்டயா நெகட்டிவ் கெடந்துச்சு. அதுல இருக்கிற வெள்ளிய எடுக்கிறதுக்குன்னு எடைக்கு வாங்குற ஆளுங்க உண்டு, ஒருத்தர் தராசோடயே வந்துட்டாரு. அப்பா வாசல்லயே உக்காந்து பாத்துட்டு இருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல இந்த மாதிரி தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களயெல்லாம் தேடித்தேடி ஸ்கேன் பண்ணி சேத்தாங்க, லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியோட உதவியில, அது எனக்குத் தெரிய வந்தப்ப எங்க மூட்டையெல்லாம் போயி ரொம்ப நாளாச்சு. ஒரே ஒரு பிஸ்கட் டின்னு மட்டும் நான் எடுத்து வச்சேன், அந்த வெட்டாத பட்டை அதுலதான் இருக்கு.

அத்தைக்கு வயசாக ஆக, ஆத்தாள உரிச்சு வச்சிருக்கான்னு ஊரே சொல்ல ஆரம்பிச்சுச்சு. ஒப்பிடுறது எதோட? சுவத்துல இருக்கிற படத்தோட. படத்துல இருக்கிறதே அத்தை கண்ணுதான, பின்ன பொருந்தாம என்ன செய்யும்! நான் இதச் சொல்லி சிரிச்சப்ப அப்பா சிரிக்கல. "எங்கம்மா கண்ணு நெசத்துல எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்குது. நான் வரைஞ்சதுதான் வருது"ன்னாரு. அதுக்கு மேல நானும் கேக்கல. அவரு போயி இப்ப ஒம்பது வருசம். அவருக்கு மாட்டுறதுக்கு படம் தேடினப்ப தனியா எடுத்த படம் ஒன்னு கூட இல்ல, லைசென்ஸ்ல இருந்ததத்தான் பெருசாக்கினோம்.

என் பொண்ணு ஒன்னாப்பு படிக்கிறப்ப ஒரு நாள் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு, "பூட்டி ஆச்சி எதுக்கு அழுதிருக்காங்க?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் எங்க யாருக்கும் தோணினதே இல்ல. எந்திரிச்சுக் கிட்டப்போய் பாத்தேன், கீழ் இமை லேசா வீங்கித்தான் இருக்கு, வெள்ளைப் புள்ளிக்குக் கீழ விளிம்புல ஈரம் மாதிரி ஒரு கோடு, அப்பா அதையும் விடாம வரைஞ்சு வச்சிருக்காரு. அத்தை தரையில உக்காந்து பிச்சிப்பூ கட்டிட்டு இருந்தாங்க. தலையத் தூக்காமலே, "அவ எங்கட்டி அழுதா, பத்து நாளா அழுது என் கண்ணுல்லா வீங்கிக் கெடந்துச்சு. உங்க தாத்தன்கிட்ட ரெண்டு நாளு பொறுடான்னேன், கேக்கல. அந்த நூல எடு"ன்னாங்க.