பெரிய ஃபில்டர் வேண்டாம், தண்ணீர் ஓடட்டும்

கேள்வி: என்னிடம் 60 லிட்டர் கடல்நீர் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏழு மாதமாக ஓடுகிறது. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், சில மென்பவளங்கள், லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் துளைப்பாறை), மணல். ஃபில்டர் என்று பார்த்தால் விளிம்பில் தொங்கும் வகை ஒன்றுதான். மணிக்கு 400 லிட்டர் என்று அதன் பெட்டியில் போட்டிருந்தது. கொஞ்ச நாளாகப் பாறைக்குப் பின்னால் கழிவு சேர்கிறது. மணலில் சிவப்பாக ஏதோ வழவழவென்று படர்கிறது. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) காட்டுகிறது. இந்த ஃபில்டர் போதாது, இரண்டு மடங்கு பெரிய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வகை) வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளில் மூன்று, தண்ணீர் சரியாக ஓடாததால் வருபவை. நான்காவதான நைட்ரேட்டுக்கு, இப்போது இருக்கும் ஃபில்டரில் அடைந்து கிடக்கும் அழுக்கும் ஒரு காரணமாக இருக்கும். அதே போல இன்னொன்றை இரண்டு மடங்கு பெரிதாக வாங்கி மாட்டினால் எது தீரும்?

தண்ணீரைச் சுத்தம் செய்வது ஒரு வேலை. தண்ணீரை ஓட வைப்பது வேறு வேலை. நன்னீர்த் தொட்டியில் ஒரே ஃபில்டர் இரண்டையும் ஒப்பேற்றிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் கடைகளில் கடல்நீர்த் தொட்டிக்கும் ஃபில்டரைத் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் தொட்டியில் உண்மையான ஃபில்டர் அந்த லைவ் ராக்தான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் பாறையின் மேலும் துளைகளுக்குள்ளும் மணலிலும் குடியிருக்கின்றன. ஏழு மாதம் ஓடிய தொட்டியில், இரண்டு சின்ன மீன்களுக்கு அவை தாராளமாகப் போதும். ஆனால் பாக்டீரியா எங்கும் நகர்ந்து போய் இரை தேடாது. ஆக்ஸிஜனும் அம்மோனியாவும் தண்ணீரோடு அதனிடம் வந்து சேர வேண்டும். பாறையின் பின்பக்கம் தண்ணீர் அசையாமல் நின்றால், அந்தப் பக்கத்துப் பாறை சும்மா கிடக்கிறது என்று அர்த்தம்.

முதலில் அந்த 400 லிட்டரைப் பார்ப்போம். பெட்டியில் அச்சிடும் எண், பெரும்பாலும் பம்ப் எந்த உயரத்துக்கும் தண்ணீரை ஏற்றாமல், எந்த ஸ்பாஞ்சும் இல்லாமல், புத்தம் புதிதாக ஓடும்போது அளந்தது. வீட்டில் ஒரு பம்ப்கூட அப்படி ஓடுவதில்லை. எத்தனை உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற அட்டவணையைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போட பல தயாரிப்பாளர்களுக்கு மனம் வருவதில்லை. பெரிய எண்தான் விற்கும் என்று தெரிந்தே இதைச் செய்கிறார்கள். வருடக்கணக்காக இதே கதைதான். வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார்.

நீங்களே அளந்துவிடலாம். கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை ஃபில்டரின் வாய் முழுவதும் மூடுகிற மாதிரி பிடித்து, விழும் தண்ணீரைச் சேருங்கள். ஒரு லிட்டர் சேர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 15 விநாடி ஆனால் 240 லிட்டர். அடைத்துப்போன ஸ்பாஞ்சோடு அளந்துவிட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மென்பவளம் இருக்கும் தொட்டியில், தொட்டியின் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு தண்ணீர் ஒவ்வொரு மணி நேரமும் சுழல வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. உங்களுக்கு அது 600 முதல் 1200 லிட்டர். இதில் ஃபில்டர் வழியாகப் போவது கொள்ளளவைப் போல நான்கைந்து மடங்கு இருந்தாலே போதும். மீதியை ஒரு சின்ன வேவ்மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளி ஓட வைக்கும் பம்ப்) பார்த்துக்கொள்ளும். குறுகலாகப் பீய்ச்சி அடிக்காமல் அகலமாகத் தள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கு 800 அல்லது 900 லிட்டர் போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பவளத்தை நேராகப் பார்த்து வைக்காதீர்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நேராக அடித்தால் பவளத்தின் தசை உரிந்துவிடும். ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், முன் கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்படியும் கொஞ்சம் மேல்நோக்கியும் வையுங்கள். ஓட்டம் கண்ணாடியில் பட்டுச் சிதறி, பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வர வேண்டும். பாறை பின் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால், எந்த பம்ப் வைத்தாலும் அங்கே தண்ணீர் போகாது. இரண்டு விரல் நுழைகிற இடைவெளியாவது விட்டுப் பாறையை முன்னால் நகர்த்துங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதே இதுதான்.

வைத்த பிறகு ஒரு சோதனை. உறைந்த இறால் தீனியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஒரு ஊசிக்குழாயால் வேவ்மேக்கர் முன்னால் துளி விடுங்கள். துணுக்குகள் எந்த வழியாகப் போகின்றன, எங்கே வேகம் இழந்து இறங்குகின்றன என்று முழுதாகப் பாருங்கள். இறங்குகிற இடம்தான் தண்ணீர் தேங்கும் இடம். வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். துணுக்குகள் இரண்டு மூன்று சுற்று வந்து கடைசியில் ஃபில்டர் வாய்ப்பக்கம் போனால் சரி. பவளமும் சொல்லிவிடும். எல்லாத் திசையிலும் மெதுவாக ஆடினால் ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஒரே பக்கமாகச் சாய்ந்தே நின்றாலோ, நாள் முழுக்கத் திறக்காமல் மூடிக் கிடந்தாலோ அதிகம். மணல் பறந்து தரைக் கண்ணாடி தெரிந்தால் ரொம்பவே அதிகம்.

எண்ணெய்ப் படலத்துக்கும் இதே மருந்துதான். வேவ்மேக்கர் மேற்பரப்பைக் கலைத்தாலே அது உடைந்துவிடும். பார்க்க அசிங்கமாக இருப்பது மட்டும் அதன் தொல்லை இல்லை. ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்ஸிஜனைத்தான் தாங்கும். அதிலும் படலம் மூடிக்கொண்டால், பவளமும் பாசியும் ஆக்ஸிஜன் விடாத இரவில் மீன் மூச்சுக்குத் திணறும்.

இனி நைட்ரேட். உங்கள் ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சை எடுத்து முகர்ந்து பாருங்கள். அது ஒரு குப்பைக்கூடை. கூடையில் போட்ட குப்பை வீட்டைவிட்டுப் போகவில்லை, நீங்கள் கொண்டுபோய்க் கொட்டும் வரை அங்கேயே அழுகிக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்சில் சிக்கிய தீனியும் கழிவும் அதே தண்ணீரில் ஊறி, அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய வெள்ளைப் பஞ்சு வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். கூடவே ஒரு சின்னப் பையில் கார்பன் போட்டு மாதம் ஒரு முறை மாற்றினால் தண்ணீரின் மஞ்சள் நிறமும் போகும். கேனிஸ்டரில் இருக்கும் சிக்கலும் இந்த ஸ்பாஞ்சுச் சிக்கல்தான். மூடிய டப்பா, கேபினட்டுக்குள் இருக்கும், குழாயைக் கழற்றினால் தரையெல்லாம் தண்ணீர். கண்ணில் படாத அழுக்கை யாரும் வாராவாரம் கழுவுவதில்லை. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து நைட்ரேட் ஏறிவிட்டது என்று நீங்கள் போய் நின்றால், அதைக் குறைக்கும் மருந்துப் பாட்டிலை எடுத்து நீட்டுவார்.

ஸ்பாஞ்ச் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மீன் செத்துவிடும். புதிதாக வாங்கிய மீனை நான்கு வாரமாவது தனியாக வைத்துப் பார்க்கும் சின்னத் தொட்டி இருக்கிறதே, அங்கே ஸ்பாஞ்ச்தான் எல்லாம். வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட வேண்டி வரலாம் என்பதால் அந்தத் தொட்டியில் பாறையும் மணலும் வைக்கக் கூடாது. அவை தாமிரத்தை உறிஞ்சி மருந்தின் அளவைக் குறைத்துவிடும். பாறை இல்லாவிட்டால் பாக்டீரியா குடியிருக்க இடம் ஏது? ஸ்பாஞ்ச் மட்டும்தான். அதனால் மீன் வாங்கப் போவதற்கு ஒரு மாதம் முன்பே சின்ன ஸ்பாஞ்ச் ஒன்றைப் பெரிய தொட்டியின் மூலையில் ஓட விட்டுப் பாக்டீரியா ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். அழுக்கானால், தாமிரம் படாத தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும், மறுநாளே அம்மோனியா ஏறும். கடல்நீரின் பிஎச் 8.1, 8.2 என்று இருப்பதால் அதே அளவு அம்மோனியா அங்கே இன்னும் கடுமையான விஷமாக வேலை செய்யும். அந்தத் தொட்டியில் தினமும் அம்மோனியா பாருங்கள். தாமிரம் பட்ட ஸ்பாஞ்சை மறுபடி பெரிய தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். இறாலும் பவளமும் மிகக் குறைந்த தாமிரத்தைக்கூடத் தாங்காது. அந்தத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச், இந்தத் தொட்டிக்குப் பஞ்சு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சேர்ந்துவிட்ட நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றித்தான் இறக்க வேண்டும். பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். வாரம் 10 லிட்டர் மாற்றினால், புதிதாகச் சேராத பட்சத்தில் 40 என்பது 32 ஆகும், அப்புறம் 26, அப்புறம் 20. அவசரப்பட்டு ஒரே நாளில் முக்கால் தொட்டியை மாற்றாதீர்கள். பூஜ்யத்துக்கும் கொண்டுபோகாதீர்கள், மென்பவளத்துக்கு 5 முதல் 15 வரை நல்லது. மாற்றும்போதே பாறைக்குப் பின்னால் குழாயை விட்டுக் கழிவை உறிஞ்சி எடுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு ஆவியாவதில்லை.

ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) வேண்டுமா என்று கேட்பீர்கள். நல்ல கருவிதான். இரண்டு மீன்கள் உள்ள 60 லிட்டர் தொட்டியில், வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறவருக்கு அது தேவையில்லை.

அந்தச் சிவப்பு வழவழப்பு பாசி போலத் தெரிந்தாலும் உண்மையில் சயனோபாக்டீரியா. ஓட்டம் குறைந்து கழிவு தேங்கும் இடத்தில் படரும். இதற்கென்று விற்கும் மருந்துகளில் சிலவற்றில் ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கும். அதைப் பல கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. சிலருக்கு அது தெரியவும் தெரியாது, மருத்துவர் சீட்டோடு தர வேண்டிய பொருளைத் தீனி டப்பா போல எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்தில் ஒரே நேரத்தில் செத்துக் கரையும் அந்தப் படலம் தண்ணீரின் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். இடமும் ஓட்டமும் மாறாததால், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பவும் வரும். நீங்கள் அதைத் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஓட்டத்தைச் சரி செய்யுங்கள். மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

வேவ்மேக்கர் வந்த பிறகு மாதம் ஒரு முறை அதைக் கழற்றி, தண்ணீரும் வினிகரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே சுண்ணாம்பு படிந்தால் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கையை உள்ளே விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஒயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் ஒயர் வழியாகவே சாக்கெட்டுக்குள் போகும். கடைசியாக, ஒரு நாள் நீங்களே ஃபில்டரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். தொங்கும் ஃபில்டர்களில் சில, கரண்ட் போய் வந்தால் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே சுற்றி மோட்டார் சூடாகிவிடும். உங்களுடையது அந்த வகை என்றால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கு வேவ்மேக்கரை மட்டும் நம்புங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.