வாசகர் கேள்வி – பதில்: மாயவரத்து ஐப்பசி

மாயவரம் என்கிற மயிலாடுதுறையில் 1970களின் பிற்பகுதியில் ஒரே பள்ளியில் படித்து, இன்று சென்னை, கோவை, டொராண்டோ என்று பல ஊர்களில் வாழும் நண்பர்கள் சிலர், தங்கள் ஊரின் ஐப்பசி, கார்த்திகை நினைவுகளை ஆளுக்குச் சில பக்கங்களாக எழுதித் தொகுத்து வருகிறார்கள். அந்த முயற்சியில் எழுந்த ஐயங்களை நமக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கியுள்ளோம்.

காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் மேல்படி வரை தண்ணீர் ஓடியதாக நான் எழுதினேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழியோ, ஆற்றில் மணல்தான் கிடந்தது, முழங்கால் அளவு தண்ணீரில் முழுகினோம் என்கிறாள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
*– வாசகி, சென்னை*

இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றோடும் ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். காவிரி உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. முக்கொம்பில் கொள்ளிடமும், கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும், அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் ஆகியவையும் பிரிந்து போன பிறகு எஞ்சிய நீரே மாயவரத்தைத் தொடுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம் என்றாலும், திறப்பு தள்ளிப்போன ஆண்டுகள் பல உண்டு. அத்தகைய ஆண்டில் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டால், துலா மாதமான ஐப்பசியிலேயே ஆறு வறண்டு கிடக்கும். மழை பெரிதும் பொய்த்துப்போன 2016ஆம் ஆண்டை ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆண்டு நினைவில் இல்லையென்றால், அப்போது எந்த வகுப்பு, வகுப்பாசிரியர் யார், வீட்டில் யாருக்குத் தலைத் தீபாவளி என்று கேட்டுக்கொண்டே போனால் ஆண்டு தானாக அகப்பட்டுவிடும். தண்ணீரின் அளவுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஆற்றின் நடுவே உள்ள நந்தி மண்டபத்தை உங்களில் மறந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. “நிறையத் தண்ணீர்” என்று எழுதுவதற்குப் பதிலாக, அந்த மண்டபத்தில் நீர் எதுவரை ஏறியிருந்தது, அதுவரை நீந்திப் போக முடிந்ததா அல்லது நடந்தே போனீர்களா என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் ஒவ்வொருவர் நினைவும் மற்றவருடையதோடு ஒப்பிடத்தக்கதாக ஆகும்.

கடைமுழுக்கு முடிந்த மறுநாளும் பாட்டி எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போவார். அது எதற்காக?
*– வாசகர், திருச்சி*

அது முடவன் முழுக்கு. ஐப்பசி மாதம் கங்கை முதலான நதிகள் எல்லாம் தம்மில் சேர்ந்த பாவத்தைப் போக்கிக்கொள்ளக் காவிரிக்கு வருகின்றன என்பது ஐதிகம். அதனால் மாதம் முழுவதும் துலா நீராடல் நடந்து, கடைசி நாளான கடைமுழுக்கன்று மாயூரநாதர் முதலான கோயில்களின் மூர்த்திகள் காவிரிக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடைபெறுகிறது. அந்த நாளுக்குள் வந்து சேர முடியாமல் தவித்த கால் ஊனமுற்ற பக்தர் ஒருவருக்காக, இறைவன் கார்த்திகை முதல் நாளன்றும் அதே பலனை அருளினார் என்று சொல்வார்கள். கடைமுழுக்கின் நெரிசலுக்கு அஞ்சிய முதியவர்கள் பலர் இந்த நாளுக்காகவே காத்திருந்தார்கள். உங்கள் பாட்டியும் பேரப்பிள்ளைகளைக் கூட்டத்தில் தவறவிடாமல் இருப்பதற்காக இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும்.

எங்கள் ஓட்டு வீட்டின் கூரையைப் பெயர்த்த பெரும்புயல் தீபாவளியை ஒட்டி வந்தது என்று நான் சொல்கிறேன். இல்லை, கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் என்று மூன்று பேர் அடித்துச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
*– வாசகர், மயிலாடுதுறை*

நீங்கள் குறிப்பிடுவது 1977ஆம் ஆண்டுப் புயல் என்றால், நீங்கள் சொல்வதே சரி. அது நவம்பர் 12ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த மாதத்து அமாவாசை 11ஆம் தேதி. ஆகவே தீபாவளியின் வெடிக் குப்பை தெருவில் கிடக்கும்போதே புயல் வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் நண்பர்கள் கற்பனை செய்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த ஒரு வாரத்துக்குள், நவம்பர் 19ஆம் தேதி, ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியை வேறொரு கடும்புயல் தாக்கி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கார்த்திகை பிறந்த பிறகு வந்த அந்தச் செய்தியை, தம் வீட்டுக் கூரையையே இன்னும் சரிசெய்யாத நிலையில் வானொலியில் கேட்ட பிள்ளைகளுக்கு, இரண்டு புயல்களும் ஒன்றாகக் கலந்துபோயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் கலப்பையும் தொகுப்பில் குறிப்பிடுங்கள். ஓர் ஊர் தன் துயரத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

பழைய நாளிதழ்களில் தேடப்போகிறீர்கள் என்றால் சில விவரங்களை மனத்தில் கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் புயல்களுக்குப் பெயர் கிடையாது. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஊரின் பெயர் மயிலாடுதுறை என்று மாற்றப்பட்டது 1982ஆம் ஆண்டில்; அதற்கு முந்தைய பதிவுகளில் மாயூரம், மாயவரம் என்றே பார்க்க வேண்டும். மாவட்டம் அப்போது தஞ்சாவூர். நாகப்பட்டினம் மாவட்டம் 1991ஆம் ஆண்டிலும், உங்கள் மயிலாடுதுறை மாவட்டம் 2020ஆம் ஆண்டிலும்தான் உருவாயின.

முதல் மழைக்கு மறுநாள் பள்ளி மைதானத்தில் சிவப்பு வெல்வெட்டுத் துணி போன்ற பட்டுப்பூச்சிகளைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருந்தோம். இப்போது ஊருக்குப் போனால் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே, ஏன்?
*– வாசகி, பெங்களூரு*

தம்பலப்பூச்சி என்றும் சொல்லப்படும் அதற்கு எட்டுக் கால்கள்; பூச்சி என்று அழைத்தாலும் அது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவான உயிர். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, நல்ல மழை பெய்து மண் இளகியதும் இரை தேடவும் இணை தேடவும் வெளியே வருகிறது. எனவே, கிளறப்படாத, மருந்து படாத மண் அதற்கு வேண்டும். சிமென்ட் போட்ட முற்றத்திலும், கல் பாவிய மைதானத்திலும், பூச்சிக்கொல்லி தெளித்த வரப்பிலும் அதற்கு இடமில்லை. கோயில் நந்தவனங்களிலும், ஆளரவம் குறைந்த மேட்டுத் திடல்களிலும் மழைக்கு மறுநாள் காலையில் தேடிப் பாருங்கள். அகப்பட்டால் பார்த்துவிட்டு விட்டுவிடும்படி பிள்ளைகளிடம் அன்போடு சொல்லுங்கள்.

என் அப்பா மாயவரத்துக் கூறைநாட்டில் தறி நெய்தவர். நண்பர்கள் எல்லாரும் ஐப்பசியைக் கொண்டாட்டமாக எழுதுகிறார்கள். எனக்கோ அந்த மாதம் என்றால் கடன்தான் நினைவுக்கு வருகிறது. மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று எழுதாமல் இருக்கிறேன். நான் செய்வது சரிதானா?
*– வாசகர், கோவை*

சரியில்லை, ஐயா. இந்தத் தொகுப்புக்கு மிகவும் வேண்டியவர் நீங்கள்தான். கூறைப் புடவையை மணவறையில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடைமழையில் தறிக்குழியில் ஊறிய தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, ஈரக் குழியில் கால் வைத்து மிதிகட்டையை மிதித்தவரின் பிள்ளை எழுதியதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டினால் காய வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் நெசவு இல்லை. நெய்த புடவைக்குத்தான் கூலி என்பதால் அந்த வாரம் அடுப்புக்கும் வழியில்லை. அதே மாதத்தில் தீபாவளியும் வந்து நிற்கும். உங்கள் வீட்டில் யாரிடம் கடன் வாங்கினார்கள், எதை அடகு வைத்தார்கள், அது எப்போது மீண்டது, அல்லது மீளவே இல்லையா என்பதையெல்லாம் உங்களுக்கு மனம் ஒப்பும் அளவுக்கு எழுதுங்கள்.

உங்கள் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் வயல் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடும். கூலியாக வர வேண்டிய நெல்லும் அதோடு போகும். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு தாளடி நடவுக்குப் போன தாய், மாலையில் திரும்பி வந்து ஒழுகும் கீற்றுக்கு அடியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பார். மழை விடுமுறை என்று தலைமையாசிரியர் அறிவித்தவுடன் பலர் கூவிக்கொண்டு ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளியின் மதிய உணவை நம்பித் தட்டோடு வந்த பிள்ளைக்கு அந்த மணியோசை வேறு செய்தியைச் சொன்னது. அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். உங்களில் ஒருவர் நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தபாலில் வேண்டுகோள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அவர்கள் எழுத மாட்டார்கள். 1980களில் நின்றுபோன தரங்கம்பாடி ரயிலில் ஆக்கூரிலிருந்தும் திருக்கடையூரிலிருந்தும் வந்து படித்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளக்காடான வயல்களை அந்த ரயிலின் சன்னலிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்கின்றன. இதையும் ஊரின் ஐப்பசியோடு சேர்த்து எழுதலாமா?
*– வாசகி, டொராண்டோ*

தாராளமாக எழுதலாம். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்று வகுத்தது நம் இலக்கண மரபு. உங்கள் ஊரில் இலை உதிரும் அந்த நாள்களில்தான் இங்கே வாடைக்காற்று மழையோடு வருகிறது. பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது மேப்பிள் தன் பச்சையத்தை இழக்கிறது. அதே வாரங்களில் காவிரிப் படுகையில் சம்பா நாற்று வேர் பிடித்துக் கரும்பச்சையாக மாறுகிறது. தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது என்பதால், அங்கே மரங்கள் ஓய்வுக்குப் போகும் காலம் இங்கே உழவருக்கு ஓய்வே இல்லாத காலம். ஆனால் உங்கள் பக்கங்கள் மேப்பிளைப் பற்றிய வருணனையாகவே முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தடியில் நின்றபோது மாயவரத்தின் எந்தத் தெரு, யாருடைய குரல் நினைவுக்கு வந்தது என்பதே உங்கள் நண்பர்கள் படிக்க விரும்புவது.

என் தாயாருக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. அந்தக் காலத்து ஐப்பசியைப் பற்றி நிறையப் பேசுவார். ஆனால் எழுத முடியாது. அவருடைய நினைவுகளையும் எங்கள் தொகுப்பில் சேர்க்கலாமா?
*– வாசகர், கும்பகோணம்*

கட்டாயம் சேருங்கள், அதையே முதல் வேலையாகச் செய்யுங்கள். கைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அவர் பேசியபடியே எழுதுங்கள். “அந்த நாள் எப்படி இருந்தது அம்மா?” என்று பொதுவாகக் கேட்டால் “நன்றாக இருந்தது” என்ற பதில்தான் வரும். மழைக்கு முன் விறகையும் வரட்டியையும் எங்கே ஏற்றி வைத்தீர்கள், தீபாவளி மருந்துக்குச் சாமான் எந்தக் கடையில் வாங்கினீர்கள், துலா முழுக்குக்குப் போகும் வழியில் வெளிச்சத்துக்கு என்ன கொண்டுபோனீர்கள், ஈரப் புடவையை எங்கே உலர்த்தினீர்கள் என்று கேளுங்கள். ஒரு நேரத்துக்கு அரை மணி போதும். அவர் களைப்படையும்வரை கேட்காதீர்கள். பழைய படம் ஏதேனும் இருந்தால் அவர் கையில் கொடுத்து, அதில் நிற்பவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். தொகுப்பு அச்சாகும்போது ஒரு படியைப் பள்ளி நூலகத்துக்கும், மற்றொரு படியை ஊர்க் கிளை நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.