மகனின் தலைப் பின்னலும் பள்ளி விதியும்: பிரிட்டன் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். நான் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண், கணவரின் குடும்பம் ஜமேக்காவிலிருந்து வந்தது. எங்கள் மகனுக்கு 12 வயது, ஓர் அகாடமி பள்ளியில் (அரசு நிதியில், தனி அறக்கட்டளை நடத்தும் பள்ளி) எட்டாம் ஆண்டு படிக்கிறான். அக்டோபர் விடுமுறை முடிந்து, தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் கார்ன்ரோ பின்னலுடன் போனான். ‘எங்கள் முடி விதிக்கு இது ஒத்துவராது’ என்று இரண்டு நாள் தனியறையில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள், ‘அவிழ்த்துவிட்டு வரட்டும்’ என்று தொலைபேசியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்கிறார் தலைமை ஆசிரியர். ‘முடிதானே, வெட்டிவிட்டுப் போங்களேன்’ என்கிறார்கள் என் பக்கத்து உறவினர்கள். வழக்குப் போட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான விஷயம். நாளைக் காலை மகனைப் பள்ளிக்கு அனுப்புங்கள், அதே பின்னலோடு. வாசலில் திருப்பி அனுப்பினால் நேரம், பேசியவரின் பெயர், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே மின்னஞ்சல் போடுங்கள்: ‘என் மகன் இன்று படிக்கத் தயாராக வந்தான், நீங்கள் அனுமதிக்கவில்லை. இது சஸ்பென்ஷன் என்றால் அதற்கான கடிதத்தைத் தாருங்கள். இல்லையென்றால் நாளை அவன் வகுப்புக்கு வருவான்.’ நீங்களாக அவனை வீட்டில் வைத்துக்கொண்டால், பதிவேட்டில் அது அனுமதியில்லா விடுப்பாக ஏறலாம். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அப்படிப் பத்து அரைநாள் சேர்ந்தால் பெற்றோருக்கு அபராதம் விதிப்பது பற்றி யோசிப்பார்கள். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், 28 நாளுக்குள் என்றால் 160. அந்த நாட்களுக்குப் பதிவேட்டில் என்ன குறி போட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

தொலைபேசியில் ‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்று சொல்வதற்கே சட்டத்தில் இடம் மிகக் குறைவு. உடை அல்லது தோற்றக் குறையைச் சரிசெய்துவர ஒரு பிள்ளையைச் சிறிது நேரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கல்வித் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. மறந்துபோன டையை எடுத்துவர அது பொருந்தும். அவிழ்த்துச் சீர்செய்யவே சில மணி நேரம் பிடிக்கும் பின்னலுக்காக ‘எடுத்த பிறகு வா’ என்று நாள்கணக்கில் நிறுத்துவது முறைசாரா விலக்கல். பெற்றோர் சரி என்று தலையாட்டியிருந்தாலும் அது செல்லாது. சஸ்பென்ட் செய்வதானால் காரணமும் காலமும் எழுதிக் கடிதம் தர வேண்டும். ஐந்து நாளைத் தாண்டினால் ஆறாம் நாளிலிருந்து படிப்புக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தப் பொறுப்புகளைத் தட்டிக்கழிக்கவே பல பள்ளிகள் தொலைபேசியோடு நிறுத்திக்கொள்கின்றன. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ‘விதி எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்பதை ஏதோ பெரிய பதில் போலச் சொல்கிறார்கள். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அந்தப் பதிலைத் தாண்டித்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரு விதி, ஓர் இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தனியான பாதகத்தை உண்டாக்கினால் அது மறைமுகப் பாகுபாடு. அந்த விதி நியாயமான ஒரு நோக்கத்துக்காக, தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறது என்று பள்ளிதான் நிரூபிக்க வேண்டும். ‘தனியறையில் வைப்பது ஒழுங்கு நடவடிக்கை, பாகுபாடு அல்ல’ என்றும் தப்பிக்க முடியாது. கல்வி தரும் விதம், விலக்கி வைப்பது, வேறு எந்த வகையில் பிள்ளைக்கு இழப்பு உண்டாக்குவது என எல்லாமே 85-ஆம் பிரிவுக்குள் வரும்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய தீர்ப்பு 2011 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் வந்தது. நம்மவர் பலர் வாழும் ஹாரோவை ஒட்டிய கென்டன் பகுதியில் உள்ள செயின்ட் கிரிகரிஸ் கத்தோலிக்கப் பள்ளிக்கு, 2009 செப்டம்பரில் 11 வயது ஆப்பிரிக்க-கரீபியப் பையன் ஒருவன் முதல் நாள் கார்ன்ரோவுடன் போனான். உள்ளே விடவில்லை. அந்தக் குடும்பத்து ஆண்கள் முடியை வெட்டாமல் பின்னிக்கொள்வது வழக்கம். பின்புறமும் பக்கங்களும் குட்டையாக வெட்டிய முடிதான் அனுமதி என்ற விதி, தெருக் கும்பல் கலாசாரத்தைப் பள்ளிக்குள் விடாமல் இருக்கத்தான் என்றது பள்ளி. அந்த நோக்கத்தை நீதிபதி காலின்ஸ் தள்ளிவிடவில்லை. ஆனால், உண்மையான குடும்ப, பண்பாட்டு வழக்கம் இருக்கிறதா என்று பார்த்து விலக்குத் தர இடமே வைக்காத விதி நியாயமாகாது, அது மறைமுக இனப் பாகுபாடு என்று தீர்த்தார். அது அப்போதிருந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. அடிப்படை இன்றும் அதேதான்.

அந்த வழக்கில் தோற்ற பகுதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘பெண் பிள்ளைகள் பின்னலாம், ஆண் பிள்ளைகள் கூடாதா’ என்ற பாலினப் பாகுபாட்டு வாதம் எடுபடவில்லை. உங்கள் கடிதத்தில் அதை முன்னால் வைக்காதீர்கள், இன வாதம்தான் வலுவானது.

ஆதாரமும் அந்தத் தீர்ப்பிலிருந்தே கிளைக்கிறது. கணவரின் தந்தை, சித்தப்பாக்கள், அண்ணன் முறையானவர்கள் பின்னலோடு இருக்கும் பழைய படங்களைத் தேடி எடுங்கள். மகன் தொடக்கப் பள்ளியில் இதே பின்னலோடு எடுத்த வகுப்புப் படம் இருந்தால் அதற்கு ஈடே இல்லை. பாட்டியிடம் இந்த வழக்கம் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கித் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இறுகச் சுருண்ட முடி வறண்டு எளிதில் உடையும், தினமும் சீவிப் படிய வைக்கும் முடியல்ல அது, பின்னல் அதைக் காக்கும் முறை என்று அந்த முடியைக் கையாளும் சிகையலங்காரக் கலைஞர் எழுதித் தரலாம். பின்கழுத்தில் மிக ஒட்ட வெட்டினால் சிலருக்குத் தழும்புக் கட்டி வரும். மகனுக்கோ கணவருக்கோ அப்படி வந்திருந்தால் குடும்ப மருத்துவரின் கடிதம் வாங்குங்கள். பள்ளி இணையதளத்தில் இருக்கும் முடி விதியை இன்றே தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். புகார் போனதும் வாசகத்தை மாற்றும் பள்ளிகள் உண்டு.

விதியில் ‘கார்ன்ரோ’, ‘ஆஃப்ரோ’, ‘சடைமுடி’ என்று பெயர் சொல்லியே தடை இருந்தால் உங்கள் நிலை இன்னும் பலமாகிறது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கென்றே முடிப் பாகுபாடு பற்றிய வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இன அடிப்படையில் விலக்குத் தராமல் இத்தகைய முடி அமைப்புகளைத் தடுப்பது பெரும்பாலும் சட்டவிரோதம் என்பதே அதன் நிலைப்பாடு. அது சட்டம் அல்ல. ஆனால் பள்ளிக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். கடிதத்தோடு அதன் பிரதியை இணையுங்கள்.

கையெழுத்துப் போட்டோமே என்ற கவலையை விடுங்கள். சமத்துவச் சட்டம் தரும் உரிமையைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பறிக்க முடியாது. ‘ஆய்வகத்தில் ஆபத்து’ என்றும் சொல்வார்கள். பின்னிக் கட்டிய முடி விரித்துவிட்ட முடியைவிடப் பாதுகாப்பானது என்று ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.

கடிதம் தலைமை ஆசிரியருக்கும் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் சேர்த்துப் போகட்டும். ஒன்றரைப் பக்கம் போதும். நடந்தது தேதிவாரியாக, எந்த விதியைக் காட்டினார்கள், அந்த விதி உங்கள் மகனின் இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஏன் தனிப் பாதகம், 19 மற்றும் 85-ஆம் பிரிவுகள், 2011 தீர்ப்பு. பிறகு கேள்விகள்: விதியை வகுக்கும்போது இனப் பாதிப்பை எப்படி எடைபோட்டீர்கள்? 149-ஆம் பிரிவு அந்தக் கடமையை வைத்திருக்கிறது, பல பள்ளிகளிடம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. விலக்குக் கேட்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? கடைசியாக என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: உடனே வகுப்பில் சேர்ப்பது, தண்டனைப் பதிவை நீக்குவது, விதியைத் திருத்துவது. ஐந்து பள்ளி நாள் கெடு வையுங்கள். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அதுவே பின்னர் நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவும்.

அதே நாளில் தனி மின்னஞ்சலில், மகனைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் எல்லாத் தனிப்பட்ட தரவுகளையும் கேளுங்கள். ஆசிரியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களும் அதில் அடங்கும். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். உண்மையான காரணம் வெளிப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

அகாடமி என்பதால் புகாருக்கு மூன்று படி உண்டு: பேச்சளவில், எழுத்தில், பிறகு பள்ளி நிர்வாகத்தில் பங்கில்லாத ஒருவராவது இருக்கும் குழுவின் முன். அந்தப் படிகளில் ஏறுங்கள், ஆனால் இங்கேதான் நல்ல வழக்குகள் செத்துப்போகின்றன. புகார் நடக்கிறது என்பதற்காக நீதிமன்றக் கெடு நிற்காது. கவுன்டி கோர்ட்டில் (உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள சிவில் நீதிமன்றம்) வழக்குப் போட ஆறு மாதம்தான், நடந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். முதல் தனியறை நவம்பர் 3 என்றால் கடைசி நாள் மே 2. தொடர்ந்து நடந்த செயலுக்குக் கடைசி நாளிலிருந்து எண்ணலாம் என்ற வாதம் உண்டு, நீதிபதிக்கு நீட்டிக்கும் அதிகாரமும் உண்டு. இரண்டையும் நம்பி இருக்க வேண்டாம். சிறுவன் என்பதால் 18 வயது வரை காலம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது விபத்து இழப்பீட்டு வழக்குகளின் கணக்கு, இதற்குப் பொருந்தாது. விதியையே உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பதானால் இன்னும் குறுகல்: தாமதமின்றி, மிஞ்சினால் மூன்று மாதம்.

கவுன்டி கோர்ட் வழக்கில் மகன்தான் வாதி, நீங்களோ கணவரோ அவனுக்காக நடத்துபவர். வழக்குப் படிவம் என்1, நீங்கள் தகுதியானவர் என்ற சான்றுக்கு என்235. வருமானம் குறைவென்றால் கட்டண விலக்குக்கு இஎக்ஸ்160. பாகுபாட்டு வழக்குகளுக்கு அரசு சட்ட உதவி இன்னும் இருக்கிறது, ‘சிவில் லீகல் அட்வைஸ்’ சேவையில் தகுதியைப் பாருங்கள். ‘ஈக்வாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்வீஸ்’ கடிதம் எழுதவே உதவும், கட்டணம் இல்லை. சமரசம் ஆனாலும் சிறுவனின் வழக்கில் நீதிமன்ற ஒப்புதல் தேவை, அது இல்லாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். ஹாக்னியில் ஆஃப்ரோ முடி பெரிதாக இருக்கிறது என்று திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு மாணவிக்கு, ஆணையத்தின் துணையோடு நடந்த வழக்கு 8,500 பவுண்டில் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்ததாக 2020-இல் செய்தி வந்தது. தோற்றால் எதிர்த் தரப்பின் செலவு உங்கள் மேல் விழலாம், எனவே மனுப் போடும் முன் வழக்கறிஞரின் கருத்து வாங்குங்கள்.

பிள்ளையை ஒதுக்குவார்கள் என்ற பயத்துக்குச் சட்டம் நேராகவே பதில் வைத்திருக்கிறது. பாகுபாட்டுப் புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது 27-ஆம் பிரிவின்படி சட்டவிரோதம். தாயோ தந்தையோ புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையை வதைத்தாலும் 86-ஆம் பிரிவு காக்கிறது. உங்கள் முதல் கடிதத்திலேயே இந்த இரண்டு எண்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அணியிலிருந்து எடுப்பது, சின்னக் காரணத்துக்குத் தண்டிப்பது என எது புதிதாக நடந்தாலும் தேதியோடு குறியுங்கள்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ் மரபில் வந்த ஒரு மாணவி சின்ன மூக்குத்தி போட்டதற்காகப் பள்ளி எதிர்த்தது. வழக்கு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2007-இல் அவள் பக்கம் தீர்ந்தது. ‘மதம் கட்டாயமாக்கவில்லையே, விருப்பம்தானே’ என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விரும்பிப் பின்பற்றும் மரபுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. இங்கிலாந்து நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல அது. ஆனால் ‘மூக்குத்திதானே, கழற்றிவிடு’ என்று அந்தத் தாயிடமும் சொல்லியிருக்கலாம்.

பழனிக்கு நேர்ந்து முடி வளர்க்கும் பையன்களுக்கும், மொட்டை போட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கும்கூட இதே 19-ஆம் பிரிவு மத நம்பிக்கை என்ற வழியில் உதவும். முடிவெட்டும் இயந்திரத்தில் ‘இரண்டாம் எண்ணுக்குக் கீழே வெட்டக்கூடாது’, அதாவது மிக ஒட்ட வெட்டக்கூடாது என்ற விதி பல பள்ளிகளில் உண்டு. அவர்கள் பயணத்துக்கு முன்பே பள்ளிக்கு எழுதி விலக்கைக் கையில் வாங்கிவிடுவது நல்லது.

நான் சொன்னது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு. ஸ்காட்லாந்தில் நீதிமன்றம் வேறு, வட அயர்லாந்தில் சட்டமே வேறு.

மகனிடமும் கேளுங்கள். அவனுக்கு 12 வயது, தலையும் அவனுடையது. பரீட்சைக்காகவோ மன அமைதிக்காகவோ இப்போதைக்கு அவிழ்த்துவிடலாம் என்று அவனே சொன்னால் தடுக்க வேண்டாம், அதனால் வழக்கு போய்விடாது. அப்படிச் செய்தால், ‘உங்கள் நிர்ப்பந்தத்தால் எதிர்ப்போடு அவிழ்க்கிறோம், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று அவிழ்ப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பின்னலை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.