படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைக்கு எத்தனை கலோரி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடும் உடற்குறைபாடு உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் மருத்துவமனையில் உணவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் கணக்கு வரும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: மேடம், என் மகனுக்கு 9 வயது. மூளை முடக்குவாதம். உட்கார முடியாது, கை கால் விறைத்தே இருக்கும். எடை 14 கிலோ. இந்த வயதுக்கு 1,700 கலோரி வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. அவன் அதில் பாதியைத் தாண்டுவதே பெரும்பாடு.

அந்த அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள் அம்மா. அது தெருவில் ஓடி விளையாடும் பிள்ளைக்குப் போட்டது. உங்கள் மகனுக்கு வயது 9 என்றாலும் உடம்பின் அளவு அதைவிடச் சிறியது. அதனால் வயதை விட்டு உயரத்தைப் பிடிக்க வேண்டும்.

விறைத்த பிள்ளையை நீட்டிப் படுக்கவைத்து அளந்தால் உயரம் தப்பாகத்தான் வரும். முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலின் மேற்பரப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 2.69ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உயரம் கிடைக்கும். 12 வயது வரையிலான மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காக ஸ்டீவன்சன் என்ற ஆய்வாளர் 1995இல் தந்த வழி இது. முழங்கால் அளவு 31 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்: உயரம் சுமார் 107.6 செ.மீ. நடக்க முடியாத பிள்ளைக்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு 11 கலோரி என்பது 1969 முதல் இருந்துவரும் கணக்கு. ஆக, ஏறத்தாழ 1,180.

இன்னொரு வழியிலும் பார்த்துவிடுவோம். 3 முதல் 10 வயது ஆண் பிள்ளையின் அடிப்படைத் தேவைக்கு, எடையை 22.7ஆல் பெருக்கி 495 கூட்ட வேண்டும்: 813. தசை விறைப்புக்கு 1.1, படுக்கையில் இருப்பதற்கு 1.1 என்று பெருக்கினால் 984. நாளுக்கு 10 கிராம் எடை ஏற வேண்டுமென்றால், கிராமுக்கு 5 வீதம் இன்னும் 50. மொத்தம் 1,034.

இரண்டுக்கும் 150 கலோரி இடைவெளி. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் மகனின் எடைதான் சொல்லும். 1,050இல் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். மாதம் 300 கிராம் ஏறினால் நல்லது; அசையவில்லை என்றால் 100 கலோரி கூட்டுங்கள். மிகவும் மெலிந்த பிள்ளைக்கு ஒரேயடியாக உணவை ஏற்றக் கூடாது, மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். எடை பார்க்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நில்லுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

அதே தாய்: கூழ்தான் நன்றாக இறங்குகிறது. அது போதுமா?

கேழ்வரகைக் குறை சொன்னால் நம் ஊரில் யாரும் என்னை விடமாட்டார்கள். ஆனால் தண்ணீராகக் கரைத்த கூழ் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை நிரப்பாது. 30 கிராம் மாவில் 100 கலோரிகூட இல்லை. அதையே பாலில் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் வெல்லம், மையாக அரைத்த நிலக்கடலை சேர்த்தால் அதே டம்ளரில் 300ஐ எட்டலாம். நிலக்கடலையை நொறுங்கலாகப் போட்டுவிடாதீர்கள், புரையேறும். தலையை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். சாப்பிடும்போது இருமலோ ஈரமான குரலோ தொடர்ந்தால், கலோரிக் கணக்கை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள்.

அரூர், ஒரு அண்ணன்: தங்கைக்கு 24 வயது, சக்கர நாற்காலிதான். வலிப்பு மாத்திரை மாற்றியதிலிருந்து எடை கூடி 62 கிலோ ஆகிவிட்டாள். அம்மாவால் தூக்க முடியவில்லை.

சில வலிப்பு மருந்துகள், குறிப்பாக வால்புரோயேட், எடையைக் கூட்டும். டோபிராமேட் பசியை அடக்கும். எது என்றாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் தம்பி, மருத்துவரிடம் சொல்லுங்கள். அவளுடைய அடிப்படைத் தேவை 62 × 14.7 + 496 = 1,407; நாற்காலிக்கு 1.2ஆல் பெருக்கினால் சுமார் 1,690. அதில் 200 குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பருப்பு, முட்டை, காயில் கை வைக்காதீர்கள். எண்ணெய்ப் பலகாரத்திலும் சர்க்கரையிலும் குறையுங்கள். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து வீட்டில் இதைச் சொல்வது பாவம்தான், ஆனாலும் ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

காரிமங்கலம்: கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பலாமா?

கூடாது. நடப்பவரின் அசைவை வைத்துச் செய்தது. விறைப்பையும் இழுப்பையும் அது புரிந்துகொள்ளாது.

ஓசூர், ஒரு மனைவி: கணவருக்கு விபத்தில் கழுத்துக்குக் கீழே உணர்வில்லை. 52 கிலோ. இப்போது இடுப்பில் படுக்கைப்புண்.

புண் இல்லாதபோது கிலோவுக்கு 22.7 கலோரி, அதாவது 1,180 போதும். தசை இயங்காத உடம்பு குறைவாகத்தான் எரிக்கும். புண் வந்துவிட்டால் கணக்கு வேறு: கிலோவுக்கு 30 முதல் 35, அதாவது குறைந்தது 1,560. புரதம் நாளுக்கு 65 முதல் 78 கிராம். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். புண் ஆறியதும் பழைய அளவுக்கு இறங்க மறக்காதீர்கள்.

பென்னாகரம்: என் மகனின் கைகால் விழித்திருக்கும் நேரமெல்லாம் முறுக்கி ஆடிக்கொண்டே இருக்கிறது. அவனுக்கும் 11 கலோரிக் கணக்குதானா?

அது தொடக்கத்துக்கு மட்டும்தான். ஓயாத அசைவு இன்னும் தீனி கேட்கும். உயரக் கணக்கில் தொடங்கி, எடை நழுவினால் உடனே ஏற்றுங்கள். இன்னொன்று: தட்டில் வைத்ததைக் கணக்கில் எழுதாதீர்கள். அவன் துப்பியதும் சிந்தியதும் கழுத்துத் துண்டில் இருக்கும். ஊட்டும் முன்பும் பின்பும் கிண்ணத்தையும் துண்டையும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்த எடைதான் அவன் வயிற்றுக்குள் போனது.