64 ஜிபி காலி, 5 ஜிபி ஏறவில்லை: தம்ப் டிரைவ் கேள்வி பதில்

செங்காங்கிலிருந்து ஒருவர்: அண்ணே, தங்கச்சி கல்யாண வரவேற்பு புளோக் கீழே, திறந்த தளமான வாய்ட் டெக்கில். டிவியில் போட 40 நிமிட வீடியோ இருக்கிறது, 5.2 ஜிபி. டிரைவ் 64 ஜிபி, முழுக்கக் காலி. ஆனாலும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று ஏற மறுக்கிறது. டிரைவ் போச்சா?

பதில்: டிரைவுக்கு ஒன்றுமில்லை. அது ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறை ஒரு கோப்பின் அளவைக் குறித்து வைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்குகிறது. அதனால் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே ஏதாவது இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட், குவிக் ஃபார்மட். அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டில் விண்டோஸும் மேக்கும் படிக்கும், எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை வேண்டாம்; மேக் அதைப் படிக்கும், எழுதாது.

ஆனால் உங்களுக்குக் கணினியைவிட டிவிதான் தலைவலி. பழைய டிவிகள் பல எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளவே மாட்டா. ஆகவே டிரைவை ஃபேட்32-இலேயே விட்டுவிட்டு வீடியோவைச் சுருக்குங்கள். ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள். எம்பி4, எச்.264, 1080பி, சராசரி பிட்ரேட் 8000 என்று வையுங்கள். 8000 கிலோபிட், அதாவது 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 எம்பி. 40 நிமிடத்துக்கு 2,400 நொடி, ஆக ஏறத்தாழ 2.4 ஜிபி. இப்போது உங்கள் வீடியோ 17 மெகாபிட்டில் ஓடுகிறது. வாய்ட் டெக் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. எச்.265 என்ற புதிய சுருக்கும் முறை மட்டும் வேண்டாம், பழைய டிவியில் சத்தம் வரும், படம் வராது. வாடகை டிவி வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் போட்டுப் பாருங்கள். விருந்தாளி உட்கார்ந்த பிறகு அல்ல.

ஈசூனிலிருந்து ஒருவர்: இணையத்தில் 2 டிபி தம்ப் டிரைவ் 12 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருப்பது சிறிய சிப். கணினி கேட்டால் ‘2 டிபி’ என்று பொய் சொல்லும்படி அதை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகும் காப்பி ஓடிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்தி வராது. புதிதாக எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது காற்றில் போகும். கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும். திறந்தால்தான் வெறும் கூடு என்று புரியும்.

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, பயன்படுத்தும் முன் ஒரு முறை சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கு எஃப்3. இரண்டும் டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 20 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவ் என்றால் எழுதுவதற்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓடவிட்டு வேறு வேலை பாருங்கள். 64-க்குப் பதில் 59 சொச்சம் காட்டுவது மோசடி இல்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பிடோக்கிலிருந்து ஓர் ஆசிரியை: தமிழ்மொழி மாத நிகழ்ச்சிக்கு வீட்டு மேக்கில் செய்த ஸ்லைடுகள் சமூக மன்றக் கணினியில் வரி உடைந்து, பெட்டிக்கு வெளியே வழிகின்றன. ஒரு ஸ்லைடில் வெறும் ஆங்கில எழுத்துகள். வீடியோவும் ஓடவில்லை.

பதில்: இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள், டீச்சர். வரி உடைவது எழுத்துரு இல்லாததால். மேக்கில் இருக்கும் இணைமதி விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் அதற்குப் பதில் நிர்மலா எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும், அகலம் மாறும், வரி மடங்கும். ஸ்லைடில் அசைவு எதுவும் இல்லையென்றால் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள், அதுதான் உறுதி.

ஆங்கில எழுத்து வந்த ஸ்லைடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டியது, பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அதை யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

வீடியோவை ஸ்லைடுக்குள் பதிக்காமல் இணைப்பாக மட்டும் விட்டிருப்பீர்கள். ஸ்லைடு உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கும் பாதையைத் தேடுகிறது. ‘இன்சர்ட்’ வழியாக வீடியோவைக் கோப்புக்குள்ளேயே பதியுங்கள். கோப்புப் பெயரை எண்ணும் ஆங்கில எழுத்துமாக வையுங்கள். ஃபோட்டோகாப்பி இயந்திரங்கள் சில தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும்.

உட்லண்ட்ஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அச்சுக் கடையில் போட்டு எடுத்த பிறகு ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது அண்ணே. ரிப்போர்ட் நாளைக்கு!

பதில்: எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதே. அந்த ஷார்ட்கட்டைத் தொட்டால்தான் வைரஸ் உன் கணினிக்குள் வரும். கோப்புகள் அழியவில்லை, மறைந்திருக்கின்றன. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஹிட்டன் ஐட்டம்ஸ். அதோடு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை’ என்ற தெரிவையும் எடுத்துவிடு. பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியலாம். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் அதற்குள்தான் தள்ளும். வேர்ட், பிடிஎஃப், படங்களை மட்டும் எடு. ஷார்ட்கட்டையும், நீ வைக்காத புரோகிராம் கோப்புகளையும் விட்டுவிடு. எடுத்ததை ஆன்டிவைரஸில் ஓட்டு, டிரைவை ஃபார்மட் செய். அடுத்த முறை கடைக்கு அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் உள்ள டிரைவைக் கொண்டுபோ.

துணைப்பாட நிலையம் நடத்துபவர்: மாணவர், பெற்றோர் விவரங்களை டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். தப்பா?

பதில்: பூட்டாமல் கொண்டுபோவதுதான் தப்பு. 500 பேரோ அதற்கு மேலோ உள்ள பட்டியல் தொலைந்து கசிந்தால், அறிவிக்கவேண்டிய கசிவு என்று நீங்கள் கணித்த 3 நாளுக்குள் சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லவேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடிய தகவல் என்றால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் சொல்லவேண்டும். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் டு கோ என்ற பூட்டும் வசதி இருக்கிறது: டிரைவின் மேல் வலது கிளிக், ‘டர்ன் ஆன் பிட்லாக்கர்’. விண்டோஸ் ஹோமில் அப்படிப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியை அதே டிரைவில் வைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேக்கிலும் திறக்கவேண்டும் என்றால், வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள்.

தெம்பனிசிலிருந்து ஒருவர்: ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கலாமா? கொடுத்தாலும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்கிறதே.

பதில்: 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல், உடனே எடுக்கும் முறையே இயல்பாக இருக்கிறது. காப்பி முடிந்து விளக்கு சிமிட்டுவது நின்றுவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மேக்கில் கட்டாயம் எஜெக்ட் கொடுக்கவேண்டும். விடாமல் பிடித்துவைத்திருப்பது திறந்திருக்கும் வேர்ட் கோப்பாகவோ ஆன்டிவைரஸ் ஸ்கேனாகவோ இருக்கும். எல்லாவற்றையும் மூடியும் விடவில்லையென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணைந்ததும் எடுங்கள்.