கிளினிக் காலியாக இருக்கும் மாதங்களில்

கேள்வி: நான் மனநல மருத்துவர். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தனியாக கிளினிக் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாசியிலிருந்து வைகாசி வரை உட்கார இடமிருக்காது. ஆடி பிறந்துவிட்டால் டோக்கன் வாங்க ஆளில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே கதைதான். வாடகையும் இருவரின் சம்பளமும் மாதம் தவறாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் மனச்சோர்வு கூடும் என்று படித்திருக்கிறோம். இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது? மாதம் ஒருமுறை வருபவர்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லும்படி நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். ஆடியில் கிளினிக் திறந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். ஆனியில் வந்த பலர் ஆவணி வரை எட்டிப் பார்க்கவில்லை, குணமாகிவிட்டதோ என்னவோ. சென்னைக்கே திரும்பிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

"குணமாகிவிட்டதோ என்னவோ" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வாடகையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஆட்களைப் பற்றிப் பேச வேண்டும்.

அவர்களில் பலர் குணமாகவில்லை. மாத்திரை தீர்ந்துபோய் வீட்டில் இருக்கிறார்கள். நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் குடும்பம் விழித்துக்கொள்ளும். ஆனால் பலருக்கு முதல் சில வாரங்கள் தெம்பாகவே இருக்கும். தூக்கக் கலக்கம் போய்விடும், உடம்பின் விறைப்பு குறையும், "மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பிறகு இரவுத் தூக்கம் குறையும். சாப்பாட்டில் சந்தேகம் வரும். சில மாதங்கள் கழித்து நான்கு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மாசியில் உங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதி, ஐப்பசி மழையில் வராமல் நின்றுபோன அதே ஆட்கள்தான். உங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அவர்கள் கடைசியாக வந்த தேதியே இதைச் சொல்லும்.

குளிர்கால மனச்சோர்வு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் அதை விவரித்தபோது, பகல் மிகவும் குறுகிப்போகும் ஊர்களில் வாழ்பவர்களை வைத்துத்தான் எழுதினார்கள். லண்டனில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். தஞ்சாவூரில் அது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நம் ஊர் மார்கழியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் கிளினிக்கின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேட, வயலையும் முகூர்த்த நாட்களையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்தால் போதும்.

ஆடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டால், அதன்பின் கையில் இருக்கும் பணமெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய், மகனை அழைத்துக்கொண்டு உங்களிடம் வந்தால் இரண்டு பேருக்கு பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம், அதற்குமேல் மருந்துச் செலவு. "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறாள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. நோய் தீர வேண்டி குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ அழைத்துப் போகிறவர்களும் உண்டு. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மாத்திரையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் கருகினார்கள். சிகிச்சையை விட்டுவிட்டு ஒருவரை எங்கோ கொண்டுபோய் விடுவதன் விலை என்ன என்பதை நம் துறையில் இருப்பவர்கள் மறக்க முடியாது.

ஆவணியும் தையும் முகூர்த்த மாதங்கள். நான் மிகவும் அஞ்சுவது இந்த இரண்டையும்தான். கல்யாணம் நிச்சயமான பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். அல்லது அவளுடைய அம்மா நிறுத்திவிடுகிறார். புகுந்த வீட்டில் யாராவது மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். நலங்கு, சீர், விருந்து என்று இரவெல்லாம் விழிப்பு. மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயுள்ள ஒருவருக்குத் தூக்கம் கெடுவதே மன எழுச்சியைத் தூண்டப் போதும். மருந்தும் இல்லையென்றால் கேட்க வேண்டாம். மாசி, பங்குனியில் பட்டுப்புடவையின் மடிப்புக் கலையாத புதுப்பெண்ணை இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டே அழைத்து வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருமண வயதில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், முக்கியமாகப் பெண்களிடம், வரன் பார்க்கும் கட்டத்திலேயே தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சொல்வது, யார் சொல்வது, மாத்திரையை எப்படித் தொடர்வது, கர்ப்பத்துக்கு முன் எந்த மருந்தை மாற்றுவது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரட்டும். கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் மாத்திரை எடுக்கும் பெண்ணாக இருந்தால் கழுத்தில் தாலி ஏறும்வரை காத்திருக்கவே கூடாது.

கார்த்திகை வேறு வகை. முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் விரதம் என்று குடியை ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். மனம் நல்லதை நினைத்துத்தான் நிறுத்துகிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு தாங்குவதில்லை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். "சாமி வந்திருக்கிறது" என்று குடும்பம் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இது உங்களுக்குத் தெரியாததல்ல. இதைப் படிக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். இந்த நோயாளிகள் உங்களிடம் வருவதில்லை, நள்ளிரவில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போகிறார்கள். அதனால்தான் உங்கள் கார்த்திகை காலியாகத் தெரிகிறது. ஐப்பசியிலேயே ஊர் குருசாமியைப் போய்ப் பாருங்கள். தினமும் குடிப்பவர் மாலை போட விரும்பினால் பத்து நாள் முன்னதாக மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்து, தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்தலாம். குருசாமியின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு நம் மருந்துச் சீட்டுக்குக் கிடையாது.

கோடையில் கூட்டம் வருவது உங்களுக்கே தெரியும். பொதுத்தேர்வு, முடிவு, நீட் என்று பிள்ளைகளின் பதற்றம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பைபோலார் நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை. கத்திரி வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். போதாக்குறைக்கு மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவார்கள். வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் வெயில் மயக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். சித்திரை பிறக்குமுன் லித்தியம் எடுக்கும் அனைவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இப்போது ஆடி மாத மதியங்களில் என்ன செய்வது என்று சொல்கிறேன். பதிவேட்டில் வரவேண்டிய தேதி தாண்டியவர்களின் பட்டியல் எடுங்கள். மாதாந்திர ஊசி போடுபவர்கள், லித்தியம் எடுப்பவர்கள், தீவிர மனநோய்க்கான க்ளோசபின் மாத்திரை எடுப்பவர்கள், தற்கொலை எண்ணம் சொன்னவர்கள் முதலில். க்ளோசபினை இரண்டு நாளுக்குமேல் விட்டவர் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கிவிடக்கூடாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வார்கள்? தொலைபேசியில் அழைக்க முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவையுங்கள். எந்த எண்ணில், யாரிடம் பேசலாம் என்பதையும் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் "மனநல கிளினிக்கிலிருந்து" என்று ஒரு வார்த்தை போய்விட்டால், அந்தக் குடும்பம் பிறகு உங்கள் தெருவுக்கே வராது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது.

பணமில்லாமல் நின்றவர் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி, நீங்களே கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு மாத வருமானம் போகும், போகட்டும். தொலைவிலிருப்பவர், நிலையாக இருப்பவர் என்றால் வீடியோ அழைப்பில் பார்க்கலாம். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதற்கு இடம் தருகின்றன. தீபாவளிக்கு முன் வருபவருக்கு மழையையும் கணக்கில் வைத்து இரண்டு வார மாத்திரை கூடுதலாக எழுதுங்கள். அதிக மாத்திரை கையில் இருப்பது ஆபத்து என்று நீங்கள் நினைப்பவருக்கு மட்டும் வேண்டாம். இரவில் துணை தேவைப்படுபவர்களுக்காக அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐச் சீட்டின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். நோயின் நிலை கேட்டால் வாரம் ஒருமுறைகூட வரச் சொல்லலாம். வாடகைக்காகச் சொல்லக்கூடாது. நிலையாக இருப்பவரை அடிக்கடி அலையவிட்டால், ஆடியில் மட்டும் விட்டவர் ஆண்டு முழுவதும் விட்டுவிடுவார்.

வாடகைக்கு வருவோம். மாதக் கணக்குப் பார்ப்பதை நிறுத்தி, பன்னிரண்டு மாத வரவைக் கூட்டி அதில் ஒரு மாதப் பங்கை மட்டும் செலவுக்கு எடுங்கள். மாசி முதல் வைகாசி வரை மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டால், ஆடியிலும் மழையிலும் சம்பளம் கொடுக்க அது கைகொடுக்கும். உதவியாளர்களின் நீண்ட விடுப்பை ஆடியில் வைத்துக்கொள்ளலாம். பட்டியலைப் பார்த்து அழைக்க ஒருவர் இருந்தால் போதும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். சென்னை விஷயத்தை அடுத்த வைகாசி வரை ஒத்திவையுங்கள். இந்த ஆடியில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், மாசிக் கூட்டத்தில் கட்டி இழுத்துவரப்பட்டவர்கள் குறைந்தார்களா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.